ஜன்னலில் யானைமலை, தாளில் முக்கோணம்: வடிவம் கற்பித்த ஆறு வாரங்களின் நிகழ்வு ஆய்வு

மலை வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் வரைகிறார்கள். அடுத்தடுத்து இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து வளைந்து இறங்கும் ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை, வானத்தில் நாலைந்து பறவைக் கீற்று. மதுரை ஒத்தக்கடையை ஒட்டிய ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் ஏழாம் வகுப்பில், முதல் நாள், 32 பிள்ளைகளிடமிருந்தும் வந்தது இந்தப் படம்தான். அந்த வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே நிற்பது யானைமலை. மத்தகம் போல எழுந்து, செங்குத்தாகச் சரிந்து, பிறகு நீண்ட முதுகாகக் கிடக்கும் ஒற்றைப் பாறை. அதில் முக்கோணம் என்று சொல்ல ஓரிடமும் இல்லை.

இதைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளைகள் மலையைப் பார்த்து வரையவில்லை. ‘மலை’ என்ற சொல்லுக்குக் கீழ்வகுப்பிலேயே பழகிய குறியை எழுதினார்கள். கரும்பலகையில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று ஒரு பக்கமும், இலை, மேகம், கல் என்று மறுபக்கமும் எழுதிப்போட்டு ‘இவை கணித வடிவங்கள், இவை இயற்கை வடிவங்கள்’ என்று ஒப்பிக்கவைக்கும் வழக்கமான பாடம் இந்தக் குறியை இன்னும் கெட்டியாக்குகிறது. பெயர் முதலில் வந்துவிட்டால் பார்வை பின்தங்கிவிடும். ஆகவே இந்த ஆறு வாரப் பாடத்தில் பெயர்கள் கடைசிக்குத் தள்ளப்பட்டன. முதலில் ஓரம், பிறகு ஓரத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பது, அதற்குப் பிறகுதான் பெயர்.

சொல்லிலேயே ஒரு முடிச்சு இருந்தது. தமிழில் ‘வடிவம்’ என்ற ஒரே சொல் தாளில் உள்ள வட்டத்துக்கும் ஆகிறது, கையில் உள்ள பந்துக்கும் ஆகிறது. ஓவியப் பாடத்தில் இவை இரண்டு தனித்தனி அடிப்படைக் கூறுகள். நீளமும் அகலமும் மட்டும் உடையது ஒன்று; கனமும் சேர்ந்தது மற்றொன்று. இதைப் பிரிக்காமல் தொடங்கினால், குடம் வரையச் சொன்னதும் பிள்ளைகள் வாயை முட்டைவட்டமாகவும் அடியைத் தட்டைக் கோடாகவும் போட்டு, ஒரே படத்தில் இரண்டு கோணங்களைக் கலந்துவிடுவார்கள். எனவே வகுப்புக்குள் ஓர் ஏற்பாடு: தட்டையாக இருப்பது ‘வடிவம்’, கையால் சுற்றிப் பிடிக்க முடிவது ‘உருவம்’. காலை வெயிலில் ஒரு சொம்பை நிற்கவைத்தும் படுக்கவைத்தும் அதன் நிழலை அட்டையில் பிடித்துக் காட்டியதும் இது எல்லோருக்கும் புரிந்தது: சொம்பு ஒன்றுதான், அது தரும் வடிவங்கள் பல. இங்கே ஒரு எச்சரிக்கை. நிழலைத் தரையில் விழவிடக் கூடாது, சாய்வெயிலில் இழுபட்டு நீண்டுவிடும். அட்டையை வெயிலுக்கு நேர்முகமாகச் சாய்த்துப் பிடித்தால்தான் சொம்பு சொம்பாகத் தெரியும்.

வாரத்துக்கு ஒரு பாடவேளை, 40 நிமிடம். பொருள்கள் எல்லாம் மதுரையில் எந்தப் பெரிய ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைப்பவை: 22-க்கு 28 அங்குல வெள்ளைச் சார்ட் நான்கு, அதே அளவில் கறுப்புச் சார்ட் ஒன்று, பல நிறக் கிளேஸ் தாள், முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஆளுக்கு ஒன்று, மைதாப் பசை, பழைய காலண்டர் அட்டை. வெள்ளைச் சார்ட் ஒன்றை மூன்று முறை பாதியாக்கினால் 7-க்கு 11 அங்குலத்தில் எட்டுத் துண்டு வரும். நான்கு சார்ட் 32 பேருக்குச் சரியாகப் போதும். கறுப்புச் சார்ட்டை 10 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் ஐந்துக்கு ஏழாக 35 கிடைக்கும். மூன்று மிச்சம், அந்த மூன்றும் பிற்பாடு தேவைப்பட்டன.

முதல் வாரம்: ஓரம்

காலண்டர் அட்டையில் 6-க்கு 8 அங்குலச் சட்டம் வெட்டி, அதில் கண்ணாடித்தாள் ஒட்டி, மலைக்கு நேராக வைத்துப் பார்த்து ஓரத்தை மார்க்கரால் வரைவது பயிற்சி. கண்ணாடித்தாளுக்கு ஓ.எச்.பி. தாள் (படம்காட்டும் கருவியில் வைக்கும் தெளிந்த பிளாஸ்டிக் தாள்) சிறந்தது. மலிவாக இருக்கிறதென்று லேமினேஷன் உறையை வாங்கி அப்படியே ஒட்டினால் பால் பூத்தது போல மங்கலாக இருக்கும், உள்பக்கத்தில் பசைப்பூச்சு இருப்பதே காரணம். உறைக்குள் ஒன்றும் வைக்காமல் ஒருமுறை இயந்திரத்தில் ஓட்டி எடுத்தால் தெளிந்துவிடும். மார்க்கரும் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளைப்பலகை மார்க்கரின் கோடு புறங்கை பட்டாலே அழிந்துபோகும். அழியா மார்க்கர்தான் சரி. தவறிய கோட்டைச் சானிடைசர் நனைத்த துணி எடுத்துவிடும்.

இருவர் சேர்ந்து ஒரு சட்டம். சட்டத்தின் அடி ஜன்னல் திட்டில் உட்கார வேண்டும். கையில் தூக்கிப் பிடித்தால் ஒரு நிமிடத்துக்குள் தோள் தளர்ந்து மலை நகர்ந்துவிடும். ஒரு கண்ணை மூட வேண்டும். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஓரம் இரட்டையாகத் தெரிந்து, பிள்ளை எதை வரைவது என்று திணறும். தலை அசையாதிருக்க, அடுக்கிய புத்தகங்களின் மேல் தாடையை ஊன்றவைத்தது நன்றாக வேலை செய்தது. பாறை வெடிப்பு, புதர், கோயில் எதுவும் வேண்டாம், வெளிஓரம் மட்டும் என்று வரையும்போதே நினைவுபடுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

மேல்ஓரம் எல்லோருக்கும் வந்தது. கீழ்ஓரத்தில்தான் பாடமே இருந்தது. வடிவம் என்றால் மூடியாக வேண்டும். மூடாத கோடு வெறும் கோடு. மலையின் அடியைப் பாதிப்பேர் ஸ்கேல் வைத்து நேர்கோடாக மூடினார்கள். ஆனால் ஜன்னலிலிருந்து பார்க்கையில் மலையின் அடி தெரிவதே இல்லை. கண்ணுக்குப் படுவது தென்னந்தலைகளும் மொட்டைமாடிகளும் தண்ணீர்த்தொட்டிகளும். மலையின் வடிவம் கீழே முடியும் இடம், அந்த மரங்களின் மேல்ஓரம். ஒரே கோடு இரண்டு பொருளுக்குச் சொந்தம் என்ற செய்தியை எந்த விளக்கமும் இல்லாமல் பிள்ளைகள் தாங்களாகவே எட்டினார்கள். இந்த ஒரு இடத்துக்காகவே முதல் வாரத்தை ஜன்னலில் தொடங்கலாம். கண்ணாடித்தாளை வெள்ளைத்தாளில் வைத்து நகலெடுத்து, உள்ளே முழுக்கக் கறுப்படித்து, பழைய முக்கோணப் படங்களுக்குப் பக்கத்தில் தரையில் பரப்பிவைத்ததோடு பாடவேளை முடிந்தது.

இரண்டாம் வாரம்: பென்சில் இல்லாமல் கத்தரி

பென்சிலைக் கொடுத்தால் பழைய குறி திரும்பி வந்துவிடும். அதை வரைந்து, பிறகு அதையே வெட்டுவார்கள். பென்சில் இல்லாத கத்தரி கோட்டை யோசிக்கவைப்பதில்லை, பரப்பை யோசிக்கவைக்கிறது. பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ் 1941-இல் பெரிய அறுவை சிகிச்சை ஆன பிறகு, வண்ணம் பூசிய தாளைக் கத்தரியால் நேரே வெட்டிப் படம் அமைக்கும் முறையைத் தன் கடைசி ஆண்டுகளின் முதன்மை வேலையாகவே ஆக்கிக்கொண்டார். பள்ளிக்கு அதைவிட எளிய வழி கிடையாது.

மேசையில் கத்தரிக்காய், மாங்காய், சொம்பு, பனையோலை விசிறி. ஒவ்வொன்றையும் உள்ளங்கை அளவுக்கு, பார்த்தபடி வெட்ட வேண்டும். பெரும்பாலான துண்டுகள் பல்பல்லாக வந்தன. கத்தரியைத் திருப்பினால் அப்படித்தான் வரும். கத்தரி பிடித்த கை ஒரே நிலையில் நிற்க, மறுகை தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அலகை முழுக்க மூடாமல், முக்கால்வாசி மூடியதும் மீண்டும் திறந்து முன்னேறினால் வளைவு வழுக்கிக்கொண்டு வரும். இடதுகைப் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கத்தரி எதிரி: அவர்கள் அழுத்தும் திசையில் அலகுகள் விலகும், தாள் வெட்டுப்படாமல் இடுக்கில் மடியும், வெட்டும் இடமும் அலகுக்குப் பின்னால் மறையும். இரண்டு இடதுகைக் கத்தரி வாங்கி வைத்தால் போதும். ‘அந்தப் பிள்ளைக்குக் கை வராது’ என்ற தவறான முடிவு பல நேரம் இந்தக் கத்தரியால் வருகிறது. அது வருத்தத்துக்குரியது.

மின்விசிறி ஒரு தனிப் பிரச்சினை. மதுரை வெயிலில் அதை நிறுத்தவும் முடியாது, ஓடினால் கிளேஸ் துண்டு வகுப்பு முழுக்கப் பறக்கும். ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை கொடுத்துத் துண்டுகளின் மேல் வைக்கச் சொன்னது சரியாக இருந்தது. பசையிலும் அளவு வேண்டும். கிளேஸ் தாளின் பளபளப்பான பக்கம் ஈரத்தை உறிஞ்சாது, பின்பக்கம் மட்டும் உறிஞ்சும். அதனால்தான் பசை தடவியதும் சுருண்டுகொள்கிறது. ஓரத்தைச் சுற்றி மெல்லிய தடவலும் நடுவில் ஒரு பொட்டும் போதும். மைதாப் பசை கெடாமலிருக்க மயில்துத்தம் கலப்பது போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வழக்கம். அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் பசையில் கூடவே கூடாது. அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொண்டால் தீர்ந்தது.

பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம் காளைக்கு. அலங்காநல்லூருக்குப் பக்கத்து ஊர்க்காரர்களிடம் காளை வெட்டச் சொன்னால் உற்சாகத்துக்குக் கேட்க வேண்டுமா! பக்கவாட்டுப் படத்தைப் பார்த்து வெட்டியவர்களின் துண்டு, கறுப்பாகவே, தூரத்திலிருந்தே காளை என்று தெரிந்தது. நேர்முகப் படத்தைப் பார்த்து வெட்டிய குழு ஏமாந்தது. “சார், இது மாடு மாதிரியே இல்ல, பீப்பாய் மாதிரி இருக்கு” என்றான் ஒருவன். அவன் சொன்னதுதான் உண்மை. திமில், கழுத்தின் இறக்கம், கொம்பின் வளைவு ஆகிய மூன்றும் ஓரத்தில் விழுந்தால்தான் நிழலுருவம் காளையாகும். நேர்முகத்தில் திமிலும் கழுத்தும் உடம்புக்குள் அடங்கிவிடுகின்றன. எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பொருளின் அடையாளம் ஓரத்துக்கு வருகிறது என்று தேடுவது, வடிவத்தை வைத்து வேலை செய்கிற யாருக்கும் முதல் திறமை.

கோபுரத்தைத் தாளை மடித்து வெட்டலாம். மடிப்பின் பக்கம் கோபுரத்தின் நடு. சிலர் திறந்த ஓரத்தை நடுவாக எண்ணி வெட்டி, விரித்தபோது இரண்டு அரைக் கோபுரம் கிடைத்தது. மடிப்பில் கறுப்பு மையால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னால் இது நேராது. மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தின் பக்கங்கள் நேராக ஏறுவதில்லை, உள்வளைந்து ஏறுகின்றன; ஸ்கேல் வைத்து வெட்டிய கோபுரம் விறைப்பாக இருப்பதற்கு அதுவே காரணம்.

மூன்றாம் வாரம்: மிச்சமாகும் இடம்

கறுப்பும் வெள்ளையும் மட்டும் வைத்துச் செய்யும் ‘நோட்டான்’ என்ற ஜப்பானியப் பயிற்சி இதற்குப் பொருத்தம். வெள்ளைத்தாளின் நடுவில் 10 செ.மீ. கறுப்புச் சதுரம். சதுரத்தின் ஒரு பக்கத்தில் தொடங்கி, உள்ளே போய், அதே பக்கத்தில் வெளியே வருமாறு ஒரு வடிவத்தை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய துண்டை அந்தப் பக்கத்தை அச்சாக வைத்துப் புத்தகத் தாள் போலத் திருப்பி வெளியே ஒட்ட வேண்டும். உள்ளே வெள்ளையாக ஒரு வடிவம், வெளியே கறுப்பாக அதன் எதிருருவம். எது வடிவம், எது மிச்சம் என்று சொல்ல முடியாத நிலை வந்தால் பயிற்சி வென்றது.

வெட்டு 3.5 செ.மீ.க்கு மேல் ஆழம் போகக் கூடாது. வெள்ளைத்தாளின் அகலம் ஏறத்தாழ 17.8 செ.மீ.; சதுரத்தின் இருபுறமும் 3.9 செ.மீ.தான் இடம் உண்டு, ஆழமாக வெட்டினால் திருப்பிய துண்டு தாளைத் தாண்டிவிடும். எதிரெதிர்ப் பக்கங்களில் வெட்டினாலும் நடுவில் 3 செ.மீ. உடம்பு தங்கும். மூலையை வெட்டியவர்களுக்குத் துண்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை; மிச்சமிருந்த மூன்று சதுரம் அவர்களுக்குப் போனது. முதலில் வெட்டி முடித்து, பிறகு உடம்பை ஒட்டி, துண்டுகளைத் தன் தன் குழிக்குள் பொருத்திவைத்து, அங்கிருந்து ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். இந்த வரிசை தவறினால் துண்டு இடம்மாறிப் போகும்.

பெரிய தவறு ஒன்று ஆசிரியர் தரப்பில் நேர்ந்தது. ஒத்திகைக்குக் கிளேஸ் தாளைக் கொடுத்திருந்தார்கள். கிளேஸ் தாள் ஒரு பக்கம்தான் நிறம், திருப்பினால் வெள்ளை. வெள்ளைத்தாளில் வெள்ளைத்துண்டு காணாமல் போயிற்று. இருபக்கமும் கறுப்பான சார்ட் கட்டாயம். கிளேஸ்தான் கைவசம் என்றால், நிறம் வெளியே தெரிய மடித்து, இரண்டு அடுக்கையும் சேர்த்து வெட்டினால் துண்டும் அதன் எதிருருவமும் ஒருங்கே கிடைக்கும்.

இதன் பிறகு 1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் வளைவுகளைக் கறுப்பு வெள்ளையாக அச்செடுத்துக் கொடுத்து, தூண்களைத் தொடாமல், தூண்களுக்கு இடையே தெரியும் திறப்பை மட்டும் நிரப்பச் சொன்னபோது அதிகம் தடங்கல் இல்லை. திறப்பு சரியாக வந்தால் தூணும் வளைவும் தானாக வந்து நின்றன.

நான்காம் வாரம்: கோலம்

சிக்குக் கோலம் கோட்டுக்கலை என்றே எல்லோரும் எண்ணுகிறோம். அதில் வடிவப் பாடம் முழுதும் இருக்கிறது. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று நேர்ப்புள்ளி வைத்து, அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே ஒரு சந்திப்பு வருமாறு இழையைச் சுற்றினால், புள்ளி உள்ள அறைகள் 9, உள்ளே புள்ளி இல்லாத இடைவெளிகள் 4. புள்ளி உள்ள அறைகளுக்கு மட்டும் காவி நிறம் நிரப்பச் சொல்ல வேண்டும். எந்தக் கோட்டின் இருபுறமும் ஒரே நிறம் வராது. ஒரு பக்கம் காவி என்றால் மறுபக்கம் வெறுமை. இழைகள் ஒன்றையொன்று முழுமையாகக் குறுக்கே கடக்கும்வரை பெரிய கோலத்திலும் இந்த ஒழுங்கு மாறாது. ஆகவே இது ஒரு தணிக்கையும் ஆகிறது: ஒரு கோட்டின் இருபுறமும் காவி வந்துவிட்டால் அங்கே ஒரு சந்திப்பு விட்டுப்போயிருக்கிறது அல்லது இழை மூடவில்லை என்று பொருள். ஆசிரியர் வந்து சொல்ல வேண்டியதில்லை, பிள்ளையே கண்டுபிடித்துக்கொள்ளும். வீட்டில் தினம் கோலம் போடும் பிள்ளைகள் வகுப்பில் முதன்முறையாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்த நாளில்தான்.

அன்றைக்கே ஒரு சுங்குடிச் சேலையும் வந்தது. கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டிச் சாயம் தோய்த்த புள்ளி, எட்ட நின்றால் வட்டம். கண்ணருகே கொண்டுவந்தால் ஒன்றுபோல் ஒன்று இல்லை, ஓரம் பிசிறும், கோணும். அச்சில் போட்ட சுங்குடிப் புள்ளி அப்படியே வட்டம். கணித வடிவம், இயற்கை வடிவம் என்ற பெயர்கள் இந்த இடத்தில்தான் முதன்முதலாகச் சொல்லப்பட்டன. பார்த்து முடித்த வேறுபாட்டுக்குப் பெயராக அமைந்ததால் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாம் வாரம்: உருவத்தில் ஒளிந்த வடிவம்

திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்து விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்கள் முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் களிமண்ணை அழுத்திச் சேர்ப்பார்கள். இரண்டு பாதியும் கூடும் இடத்தில் ஒரு தையல்வரி விழும். அதைச் சுரண்டித் தேய்த்துவிடுவார்கள். தேய்க்காத ஒரு பொம்மை கிடைத்தால் அதைவிட நல்ல பாடக்கருவி இல்லை. நேர்முகமாகப் பார்த்தால் தையல்வரி ஓரத்தோடு கலந்து மறைந்திருக்கும். கால்சுற்றுத் திருப்பினால் அதே வரி பொம்மையின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும்.

வகுப்பில் ஆளுக்குக் கால் கிலோ களிமண், மொத்தம் 8 கிலோ. கத்தரிக்காய் உருட்டி, முன்னிருந்து பார்த்தால் ஓரம் எங்கே படுகிறதோ அங்கே சிவப்பு நூலை அழுத்த வேண்டும். நூல் சரியாக விழுந்திருந்தால் முன்னிருந்து பார்க்கையில் வெளிஓரமாக மட்டும் தெரியும், திருப்பினால் நடுக்கோடாகும். மண் இளகினால் நூல் உள்ளே புதைந்து காணாமல் போகும். பிசைந்து பத்து நிமிடம் காற்றாட வைத்த பிறகே நூலைக் கொடுக்க வேண்டும். வடிவத்துக்கும் உருவத்துக்கும் உள்ள உறவை இவ்வளவு நேரடியாகக் காட்டும் வேறு பயிற்சி இந்த ஆறு வாரத்தில் இல்லை.

ஆறாம் வாரம்: மறுபடியும் மலை

கண்ணாடித்தாள் இல்லாமல், வெறும் தாளும் பென்சிலும் கொடுத்து ஜன்னலைப் பார்த்து வரையச் சொல்லப்பட்டது. முக்கோணம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. முதுகின் நீண்ட சாய்வும் தென்னந்தலைகளில் முடியும் கீழ்ஓரமும் பலரிடம் வந்தன. முன்னே நிற்கும் மின்கம்பத்துக்கும் மலையோரத்துக்கும் நடுவே அகப்படும் வானத்துண்டை முதலில் வரைந்து, அதைக்கொண்டு மலையை அளந்தவர்களும் இருந்தார்கள். மூன்றாம் வாரம் அவர்களிடம் தங்கியிருப்பதற்கு அது அடையாளம்.

புதிய கோளாறும் ஒன்று முளைத்தது. நாலைந்து பேர் மலைக்குத் துதிக்கையும் கண்ணும் வைத்து யானையாகவே வரைந்துவிட்டார்கள். முக்கோணம் போய், ‘யானை’ என்ற சொல் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இதற்கு மருந்து, மலையின் புகைப்படத்தைத் தலைகீழாக வைத்து வரையவைப்பது. தலைகீழான மலையில் யானை தெரியாது, ஓரம் மட்டும் தெரியும். அந்தப் பிள்ளைகள் மூன்றே நிமிடத்தில் வரைந்த தலைகீழ்ப் படம், அரைமணி நேரம் வரைந்த முந்தைய படத்தைவிட மலைக்கு நெருக்கமாக இருந்தது.

யானைமலையை மனப்பாடம் செய்துவிட்டார்களா, பார்க்கக் கற்றார்களா என்பதை அறிய, முன்பு வரையாத திருப்பரங்குன்றத்தின் புகைப்படமும் கொடுக்கப்பட்டது. ஓரத்தைத் தேடியவர்கள் அதிலும் தேறினார்கள். சிலர் யானைமலையின் முதுகையே கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். பழைய குறி போய்ப் புதிய குறி வந்த நிலை இது. மதிப்பீடு ஒரே மலையோடு நின்றிருந்தால் இவர்கள் முழு மதிப்பெண் பெற்றிருப்பார்கள். வானத்துப் பறவைகள் மட்டும் பல படங்களில் அப்படியே இருந்தன. பாடத்தில் பறவைக்கு இடம் தரப்படவில்லை.

அடுத்த முறைக்கு மூன்று மாற்றம். களிமண் வாரம் கத்தரி வாரத்துக்கு முன்னால் வர வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து வெட்டுவது என்ற தடுமாற்றம் அதனால் பாதியாகும். தலைகீழ்ப் பயிற்சி மருந்தாக அல்லாமல் முதல் வாரத்திலேயே வர வேண்டும். பறவைக்கென்று ஒரு பதினைந்து நிமிடம் வேண்டும்: பள்ளி மதிலில் தினமும் வந்து உட்காரும் காகத்தை, பென்சில் இல்லாமல், கறுப்புத்தாளில் நேரே வெட்டி.